அக்கா பனியில் விழுந்த கதை



இரண்டு மாதங்களாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையென்று உங்களில் சிலர் அலுவலகத்திற்கே வந்து விசாரித்ததாக அறிந்தேன். "மிஸ் கலியாணம் முடிச்சுப் போட்டாவோ?" என்று ஒருவர் கேட்டாராம். அப்படியேதும் இல்லை. நோர்வேயில், ஒஸ்லோ நகரில் வாழும் என் அக்காவிடம் போயிருந்தேன். 2003ஆம் ஆண்டு, சமாதான காலத்தில், கலியாணமாகிப் போனவள் அவள். அன்றுதொட்டு வா வா என்று அழைத்துக்கொண்டே இருந்தாள். விசாவும் லீவும் ஒன்றாகக் கிடைக்க இவ்வளவு காலம் எடுத்தது. கிடைத்தது எந்தக் காலத்தில் என்கிறீர்கள்? கடுங்குளிர் ஜனவரியில்!

திரும்பி வந்த கிழமையே எங்கள் தையல் வகுப்புக்குப் போனேன். கொண்டுபோன சொக்கலேற் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பிறகு கைத்தொலைபேசியில் இருந்த வீடியோ ஒன்றைக் காட்டினேன். அதில் என் அக்கா காலில் இரண்டு நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு பனியில் மல்லாந்து கிடக்கிறாள். எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா மட்டும், "உந்த வயசிலை அவவுக்கு ஏன் மிஸ் உந்த வேலை?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இந்த மாதம் இதை எழுதுகிறேன். அக்காவிடம் அனுமதி கேட்டுத்தான். "எழுது, ஆனா எத்தினை தரம் விழுந்தனான் எண்டதை மட்டும் எழுதாதை" என்றாள். அதை எழுதமாட்டேன்.

எங்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லின் மேல் நிற்கும் ஈரம். அங்குள்ள பனி வேறு. குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் உறைந்து கிடக்குமே வெள்ளைத் தூள், அது முற்றம், கூரை, மரக்கிளை, கார் எல்லாவற்றையும் மூடி முழங்கால் உயரத்துக்குக் கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விடியக் காலை ஒன்பது மணியாகும். பின்னேரம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். அந்தப் பனியில் புதையாமல் காட்டுக்கும் அயலூருக்கும் போய்வர அந்நாட்டவர் பழைய காலத்திலிருந்தே காலில் பலகை கட்டி வழுக்கிச் சென்றிருக்கிறார்கள். இன்று அது விளையாட்டு. ஸ்கீ என்று நாங்கள் எழுதினாலும் அவர்கள் 'ஷீ' என்றே உச்சரிக்கிறார்கள். பிளந்த மரத்துண்டு என்பது அந்தச் சொல்லின் பழைய பொருள். நோர்வேக்காரர் காலில் ஷீயோடுதான் பிறக்கிறார்கள் என்று அவர்களே பகிடியாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அக்கா குடும்பத்தில் ஒருவரும் அப்படிப் பிறக்கவில்லை. அத்தான் 1990இல் போனவர். எங்களுடைய ஆட்கள் பலரைப்போல அவரும் முதலில் வடகோடியிலுள்ள பின்மார்க் பகுதி மீன் தொழிற்சாலை ஒன்றில் நின்று மீன் வெட்டினார். பிறகு ஒஸ்லோவுக்கு வந்தார். "மீன் வெட்டி முடியக் கை விறைச்சுப் போகும் மச்சாள். பிறகு எங்கை ஷீ?" என்பார். அக்கா முதியோர் இல்லமொன்றில் பணிபுரிகிறாள். விடிய ஐந்து மணிக்கு எழும்பி ஓடுகிறவள். குளிர்காலம் என்றால் அவர்களுக்கு வேலை, வீடு, ஞாயிற்றுக்கிழமை யாராவது வீட்டுப் பிறந்தநாள். இருபது வருடம் அப்படியே போய்விட்டது.

நான் போன இரண்டாம் கிழமை மூத்தவளின் வகுப்பாசிரியை அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார். மூத்தவளுக்கு வயது பதின்மூன்று. பாடசாலையில் குளிர்காலத்தில் ஒரு நாள் பாடங்களை நிறுத்திவிட்டு எல்லோரையும் பனிச்சறுக்கக் கூட்டிப்போவார்கள். மூன்று வருடமாக அந்த நாளில் மட்டும் எங்கள் பிள்ளைக்கு வயிற்றுக்குத்து! ஆசிரியை கோபிக்கவில்லை. வீட்டில் ஏதும் பிரச்சினையா, ஷீ வாங்க வசதி இல்லையா, பாடசாலை ஏதும் உதவ வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். அக்கா முகம் சிவக்கத் தொலைபேசியை வைத்தாள்.

எனக்குத் தொழில் புத்தி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. வகுப்பில் யாராவது நிறத்தைச் சொல்லிப் பகிடி பண்ணுகிறார்களோ, என்ன நடக்கிறதோ என்று நூறு யோசனை. அன்றிரவு அவளுடைய அறையில்தான் எனக்குப் படுக்கை. விளக்கை அணைத்த பிறகு கேட்டேன். ஒருவரும் பகிடி பண்ணுவதில்லையாம். பிறகேன்?

"முதல் நாள் இரவு அம்மா பத்துத் தரம் சொல்லுவா சித்தி, 'கவனம், விழுந்திடாதை' எண்டு. ஷீயிலை விழாமல் ஏலாது. எல்லாரும் விழுறவை."

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? விழக்கூடாது என்பது தாயின் சொல். போனால் விழவேண்டும். ஆகவே போகாமல் விடுகிறாள். பிள்ளையின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. மறுநாள் இதை அக்காவிடம் சொன்னபோது அவள் வாதாடவும் இல்லை. "அவள் வயித்துக்குத்து எண்டு சொல்லேக்கை பொய் எண்டு எனக்குத் தெரியும். வீட்டிலை நிக்கட்டும் எண்டு பேசாமல் இருந்திட்டன்" என்றாள். அக்கா பயந்தவள் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். பாஷை தெரியாத ஊரில் பேருந்து ஏறி இறங்கி, படித்து, வேலை எடுத்தவள். வேலையிடத்தில் கட்டிலால் விழுகிற கிழவன் கிழவிகளை ஒவ்வொரு நாளும் தூக்கி நிறுத்துகிறவள். அவளுக்கு ஏன் இந்தப் பயம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கீழ்வீட்டில் எழுபது வயது தாண்டிய நோர்வே அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். அக்கா அவருக்கு ரோல்ஸும் வடையும் கொடுப்பாள். அவர் தன் கையால் பின்னிய காலுறை கொடுப்பார். எத்தனையோ வருடமாக "வாருங்கள், பழக்கிவிடுகிறேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். இம்முறை அத்தான் போய் "சரி" என்று சொல்லிவிட்டார். மூத்தவள் ஒரே நிபந்தனை போட்டாள்: அம்மாவும் வரவேண்டும்.

ஷீ புதிதாக வாங்குவதென்றால் ஐந்து பேருக்கும் பெருந்தொகை வேண்டும். ஆனால் அங்கே பல ஊர்களில் இரவல் நிலையங்கள் இருக்கின்றன. நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல ஷீ, சப்பாத்து, ஊன்றுகோல், சறுக்குவண்டி எல்லாம் எடுத்துப்போகலாம். காசு இல்லை. நான் வாய் பார்த்து நின்றது அங்கேதான். யாரும் எங்களிடம் கிராம அலுவலர் கடிதம் கேட்கவில்லை, சம்பளத் துண்டு கேட்கவில்லை. வசதியானவர்களும் அதே வரிசையில் நின்று எடுத்துப்போகிறார்கள். இங்கே ஒரு தையல் இயந்திரம் கொடுப்பதற்கு உங்களிடம் நாங்கள் எத்தனை கடிதம் கேட்கிறோம் என்று யோசித்தேன். அதைப்பற்றி இன்னொரு மாதம் எழுதுகிறேன், எழுத விட்டால்.

முதல் சனிக்கிழமை வீட்டுக்குப் பின்னால் இருந்த சிறு சரிவில் தொடங்கினோம். மலையிலிருந்து பறந்து வருவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் பழகியது அதுவல்ல. இது காட்டுவழியில் நடப்பதுபோலச் செல்கிற வகை. பலகை ஒடுக்கமாக, ஆளைவிட ஒரு சாண் நீளமாக இருக்கும். சப்பாத்தின் முன்நுனி மட்டும் பலகையில் கொளுவி நிற்கும். குதிக்கால் மேலே எழும்பும். உள்ளே பருத்திச் சட்டை போடக்கூடாது, கம்பளிதான் போடவேண்டும் என்று கீழ்வீட்டு அம்மா ஒவ்வொருவரின் கழுத்துக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தார். பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொண்டு உடம்பைக் குளிரச் செய்துவிடுமாம்.

ஊன்றுகோலை அவர் தரவில்லை. முதலில் ஒரு காலில் மட்டும் பலகையை மாட்டி, மற்றக் காலால் உந்தி, வழுக்கிக்கொண்டு போகச் சொன்னார். பிறகு காலை மாற்ற வேண்டும். எட்டு வயதுச் சின்னவன் அரை மணித்தியாலத்தில் இரண்டு பலகையோடும் ஓடத் தொடங்கிவிட்டான். அத்தான், "முப்பத்தைஞ்சு வருசமாப் பாக்கிறன், எனக்குத் தெரியாததே?" என்று சொல்லிக்கொண்டே இரண்டையும் ஒன்றாக மாட்டி, எழும்பி நின்ற இடத்திலேயே விழுந்தார். நான் பின்பக்கமாக விழுந்து வாலெலும்பு நொந்து, அடுத்த இரண்டு நாள் பக்கவாட்டில் இருந்து சாப்பிட்டேன். மூத்தவள் தாயைப் பார்த்துப் பார்த்து நடந்தாள்.

அக்கா பலகையை மாட்டவே இல்லை. தேநீர்ப் போத்தலைக் காவல் காத்துக்கொண்டு வாங்கிலில் இருந்தாள். யாராவது சறுக்கினால் "ஐயோ" என்று எழும்பிவிடுவாள். இரண்டு கிழமை இப்படிப் போனது.

இரண்டாவது ஞாயிறு மாலை கீழ்வீட்டு அம்மா எல்லோரையும் கோப்பிக்குக் கூப்பிட்டார். அவருடைய சுவரில் ஒரு படம். பனிப்புயலில் ஆயுதம் தாங்கிய இரண்டு வீரர்கள் ஷீயில் விரைகிறார்கள். ஒருவன் நெஞ்சோடு ஒரு பிள்ளையை அணைத்திருக்கிறான். பேர்க்ஸ்லியன் என்ற ஓவியர் 1869இல் வரைந்த படத்தின் பிரதி அது. நோர்வேயில் இந்தக் கதையைத் தெரியாத பிள்ளை இல்லையாம். எண்ணூறு வருடத்துக்கு முன் அந்நாட்டில் நீண்டகால உள்நாட்டு யுத்தம். 1204இல் அரசன் இறந்துவிட்டான். அதன் பிறகு அவனுடைய பிள்ளை பிறக்கிறது. எதிர்த்தரப்பின் கையில் அகப்பட்டால் பிள்ளையைக் கொன்றுவிடுவார்கள். 1206ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அரசனின் ஆட்கள் அந்த ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லில்லஹாமரிலிருந்து மலையைக் கடந்து தப்பினார்கள். சப்பாத்துக்கு வழியில்லாமல் காலில் மரப்பட்டை சுற்றியதால் 'மரப்பட்டைக் காலர்' என்று மற்றவர்கள் கேலி செய்த கூட்டம் அது. பிள்ளை தப்பி, 1217இல் ஹோக்கன் என்ற அரசனானான். அந்த நினைவாக 1932 முதல் ஒரு போட்டி நடக்கிறது. றேனா என்ற ஊரிலிருந்து லில்லஹாமர் வரை 54 கிலோமீற்றர். போட்டியில் ஓடும் ஒவ்வொருவரும் முதுகில் மூன்றரைக் கிலோ பாரம் சுமக்கவேண்டும். அது அந்தப் பிள்ளையின் பாரமாம்.

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோர்வே மொழியில் ஒரு கேள்வி கேட்டாள். மூத்தவள் எனக்குத் தமிழில் சொன்னாள்: "பிள்ளையின்ரை தாய் எங்கை எண்டு அம்மா கேக்கிறா."

கீழ்வீட்டு அம்மா கோப்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். தாயின் பெயர் இங்கா. வர்த்தைக் என்ற ஊரைச் சேர்ந்தவள். அவளும் அந்தப் பயணத்தில் போனவள்தான், படத்தில் இல்லை. அரசனோடு அவளுக்குக் கலியாணம் நடக்காததால் பிள்ளை அரசனுக்குப் பிறந்ததுதானா என்று பின்னர் சந்தேகம் எழுப்பினார்கள். 1218இல் பேர்கன் நகரில், பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தித்தான் அவள் அதை நிரூபிக்க வேண்டியிருந்தது. மகன் அரசனாகியும் தாய்க்கு அந்தச் சோதனை. சீதைக்குத் தீ, இங்காவுக்கு இரும்பு. இறந்தவர், காணாமற்போனவர் பெயரால் ஒவ்வொரு அலுவலகத்திலும் அத்தாட்சி கேட்கப்படும் உங்களுக்கு நான் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அன்றிரவு குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அக்கா தானாகச் சொல்லத் தொடங்கினாள். மூத்தவளும் பக்கத்தில் இருந்தாள்.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்ததே, அந்த இரவு. அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. அம்மா தம்பியையும் பெட்டியையும் தூக்க, அக்கா என்னை முதுகில் சுமந்திருக்கிறாள். எனக்கு ஞாபகம் இருப்பது மழையும் யாரோ விடாமல் அடித்த சைக்கிள் மணியும்தான். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட அக்கா சேற்றில் சறுக்கி விழுந்துவிட்டாள். பின்னால் இலட்சக்கணக்கான சனம். யாரும் வேண்டுமென்று மிதிக்கவில்லை. அவர்களை அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். என்னைக் கீழே போட்டு மேலே கவிழ்ந்து கிடந்தாளாம். யாரென்று தெரியாத ஒரு மனிசி அவளுடைய பின்னலைப் பிடித்து இழுத்து எழுப்பிவிட்டுப் போயிருக்கிறாள்.

"முகம் கூடக் காணேல்லை. தலை இரண்டு நாள் நொந்தது" என்றாள் அக்கா. வெங்காயத்தைத் தொடர்ந்து உரித்தாள்.

நான் சமூகவியல் படித்தவள். யுத்தம் குடும்பங்களில் விட்டுச்செல்லும் பாதிப்புகள் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். முழங்காவில் தொடக்கம் முள்ளியவளை வரை உங்கள் வீடுகளில் இருந்து கதை கேட்கிறவள். அவளுடைய முதுகில் அன்று இருந்தது நான். முப்பது வருடமாக அவளிடம் நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. மூத்தவள் ஒன்றும் பேசாமல் கத்தியை வாங்கி மிச்ச வெங்காயத்தை வெட்டினாள்.

மூன்றாவது சனிக்கிழமை அக்கா ஷீ மாட்டினாள். கீழ்வீட்டு அம்மாவிடம் மூத்தவள் ஏதோ சொல்லியிருக்கவேண்டும். ஏனென்றால் அவர் அன்று நடக்கப் பழக்கவில்லை. விழப் பழக்கினார். எழுபது வயது மனிசி எங்கள் முன்னால் தானே விழுந்து காட்டினார்! பின்னுக்கு விழக்கூடாது. முழங்காலை மடித்து, இடுப்பைப் பதித்து, பக்கவாட்டில் மெதுவாக இருக்கிறதுபோல விழவேண்டும். விழுந்ததும் அவசரப்பட்டு எழும்ப முயன்றால் பலகைகள் பின்னிக்கொள்ளும். சற்றுக் கிடக்கவேண்டும். பிறகு மல்லாந்து, இரண்டு பலகையையும் வானத்தைப் பார்க்கத் தூக்கி, பின்னலை அவிழ்த்து, சரிவின் கீழ்ப்பக்கமாகக் குறுக்கே ஒன்றோடொன்று பக்கமாக வைக்கவேண்டும். முழங்காலில் வந்து, ஒரு காலை முன்னே வைத்து, கையை ஊன்றி எழும்பலாம்.

அக்கா முதல்தரம் விழுந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் ஓடினோம். கீழ்வீட்டு அம்மா கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். ஒருவரும் கிட்டப் போகவில்லை. பனி பஞ்சுபோலக் கிடந்தது, சுற்றிவர வெட்டவெளி. சிறிது நேரத்தில் அவள் கண்ணைத் திறந்து மேலே பார்த்தாள். பலகைகளை மெல்லத் தூக்கினாள். நான் வீடியோ எடுக்கத் தொடங்கியது அந்த இடத்தில்தான். தையல் வகுப்பில் நீங்கள் பார்த்துச் சிரித்தது அதைத்தான். வீடியோ முடிந்த பிறகு அவள் வேண்டுமென்றே இன்னும் பலதரம் விழுந்தாள். எண்ணிக்கை சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு மற்றதெல்லாம் வந்தது. மேட்டில் ஏறுவதற்குப் பலகையின் முன்நுனிகளை அகலவிரித்து, மாறி மாறி வைக்கவேண்டும். பின்னால் திரும்பிப் பார்த்தால் பனியில் அச்சாக மீன்முள் தெரியும். அவர்களும் அதை 'மீன்முள்' என்றே சொல்கிறார்கள். இறங்கும்போது முன்நுனிகளைக் கிட்டச் சேர்த்து, குதிக்கால்களை வெளியே தள்ளினால் வேகம் குறையும். அதை அக்கா எங்கள் எல்லோரையும் விட நன்றாகச் செய்தாள். "கட்டிலிலை கிடக்கிற ஆக்களைத் தூக்கித் தூக்கி எனக்குத் துடையிலை நல்ல பலம்" என்றாள்.

அடுத்த ஞாயிறு அம்மெருட் பக்கமாகக் காட்டுக்குள் ஏறி, லில்லோசேத்தர் என்ற இடத்துக்குப் போனோம். அங்கே ஒரு மரவீடு இருக்கிறது. காட்டுவழி வருபவர்கள் இளைப்பாறி, பணிஸும் கோப்பியும் வாங்கிக் குடிப்பார்கள். நோர்வேக்காரர் பையைத் திறந்தால் தோடம்பழமும் சொக்கலேற் வேபரும் இருக்கும். அது அவர்களுடைய பழக்கம். அக்காவின் பையில் ரொட்டியும் இடிச்ச சம்பலும் இருந்தன. கீழ்வீட்டு அம்மா சம்பலைச் சாப்பிட்டுவிட்டு ஒருபிடி பனியை அள்ளி வாயில் போட்டார். திரும்பி வரும்போது செங்குத்தான இடங்களில் பலகையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தோம். சின்னவன் மட்டும் எங்களுக்காகக் கீழே காத்துநின்று சலித்துப்போனான்.

பெப்ரவரியில் பாடசாலை ஷீ நாள் வந்தது. முதல் நாள் இரவு நான் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். அக்கா அறை வாசலுக்கு வந்தாள். நின்றாள். "காலுறை இரண்டு சோடி போடு" என்றாள். போய்விட்டாள். மறுநாள் மூத்தவள் நனைந்த களிசானோடு, கன்னமெல்லாம் சிவந்து வந்து, பன்னிரண்டு தரம் விழுந்ததாகவும், வகுப்பில் ஒருத்தி பதினாறு தரம் விழுந்ததாகவும் சொன்னாள். அடுத்த வருடம் தான் அந்தப் பிள்ளையைப் பிடித்துவிடலாம் என்று அத்தான் பகிடி விட்டார்.

போன கிழமை அக்கா கதைத்தாள். பனி கரைந்துவிட்டது, இரவல் சாமான்களைக் கொடுத்தாயிற்று. கீழ்வீட்டு அம்மா தன்னுடைய பழைய ஷீ ஒரு சோடியை அவளுக்கென்று கொடுத்திருக்கிறார். இப்போதைக்கு அது பல்கனியில் சாத்திக் கிடக்கிறதாம். அதன் மேல் சீலை காயப்போடுகிறாளாம். அத்தான் மட்டும் தான் அன்று விழவில்லை, சப்பாத்துக் கட்டக் குனிந்ததுதான் என்று இன்னும் சாதிக்கிறார்.